காரீயம் வேண்டாம், வெள்ளீயம் போதும்

ஜொகூர் மாணவர்களுக்கு ஆறு புதிதன்று. கோத்தா திங்கி, காஹாங், சிகாமட் போன்ற ஊர்களில் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், சிற்றாற்றங்கரையில் தூண்டிலோடு நிற்கும் இளைஞர்களைக் காணலாம். தூண்டில் கோல், நரம்பு, முள், மிதப்பு ஆகியவற்றைத் தரம் பார்த்து வாங்கும் இவர்களில் பலர், நரம்பில் பொருத்தும் சின்னஞ்சிறு குண்டை மட்டும் எதுவும் பார்க்காமல் வாங்கிவிடுகின்றனர். அந்தக் குண்டு பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. சிற்றாற்றில் மீன் பிடிப்போர் காரீயக் குண்டைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில், குண்டின் எடையைப் பார்ப்போம். இரையை நீருக்குள் இறக்குவதே குண்டின் வேலை. சிற்றாற்றில் ஆழம் குறைவு, நரம்பும் மெல்லியது. 2 முதல் 4 பவுண்டு வரை தாங்கும் நரம்புக்கு 1 கிராமுக்கும் குறைவான குண்டே பெரும்பாலும் போதும். குண்டு கனமாக இருந்தால் இரை அடியில் அசையாமல் கிடக்கும். கற்களுக்கிடையே சிக்கவும் செய்யும். மிக இலேசாக இருந்தாலோ, நீரோட்டம் இரையை மேலாகவே அடித்துச் சென்றுவிடும். இரை அடியை ஒட்டி இயல்பாக நகர்ந்து செல்ல எவ்வளவு குறைந்த எடை போதுமோ, அதுவே சரியான எடை. ஒரே பெரிய குண்டுக்குப் பதிலாக, முள்ளுக்கு ஒரு சாண் மேலே இரண்டு மூன்று சிறு குண்டுகளைப் பொருத்துவது நல்லது. மழைக்குப் பின் நீரின் வேகம் கூடினால் ஒன்றைச் சேர்க்கலாம். வேகம் குறைந்தால் ஒன்றைக் கழற்றலாம்.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் குண்டுகள் தொலையவே செய்யும். மரவேரில் முள் மாட்டிக்கொள்ளும். மெல்லிய நரம்பு அறுந்துவிடும். குண்டு ஆற்றிலேயே தங்கிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பறவைகளுக்குப் பற்கள் இல்லை. வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகள் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குகின்றன. கல் என்று எண்ணிக் காரீயக் குண்டை விழுங்கினால், அது வயிற்றில் அரைபட்டுக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. பிரிட்டனில் அன்னப்பறவைகள் இவ்வாறு பெருமளவில் மடிந்தன. அதனால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான காரீயக் குண்டுகளின் விற்பனை 1987ஆம் ஆண்டு அங்குத் தடை செய்யப்பட்டது. அதன் பின்னர் அன்னப்பறவைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. கனடாவும் 1997ஆம் ஆண்டு தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைவான காரீயக் குண்டுகளைத் தடை செய்தது.

பறவைகளுக்கு மட்டுமா கேடு? காரீயக் குண்டு மென்மையானது. நடுவே பிளவு உள்ளது. நரம்பை அந்தப் பிளவில் வைத்துப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் பலரிடம் உண்டு. குண்டைத் தொட்ட கையாலேயே ரொட்டியை எடுத்து உண்போரும் உளர். காரீயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடலில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

‘தொழிற்சாலைக் கழிவோடு ஒப்பிட்டால் ஒரு குண்டு எம்மாத்திரம்?’ என்று சிலர் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பேரிடருக்கு ஒரு சிறு குண்டு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், ஆற்றில் கழிவு கொட்டியவர்களைக் கண்டிக்கும் நாம், நம் கையால் ஆற்றில் விடுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? தொழிற்சாலைக் கழிவைத் தடுக்கச் சட்டமும் அதிகாரிகளும் தேவை. குண்டை மாற்ற நம் மனம் ஒன்றே போதும்.

‘மாற்றுக் குண்டின் விலை அதிகம்’ என்பது மற்றொரு வாதம். டங்ஸ்டன் குண்டு விலை கூடியதுதான். ஆனால், வெள்ளீயக் குண்டு அவ்வளவு விலையன்று. சிற்றாற்றுக்குத் தேவைப்படுவதும் சில குண்டுகளே. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்கிறோம். ஆனால், காரீயம் வேறு; வெள்ளீயம் வேறு. நம் பாட்டிமார் இரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. ஒரு காலத்தில் மலாயா உலகிலேயே மிகுதியாகத் தோண்டியெடுத்ததும் இந்த வெள்ளீயத்தைத்தான். இது காரீயத்தைவிட அடர்த்தி குறைந்தது. எனவே, அதே எடைக்குக் குண்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமனாக இருக்கும். 1 கிராமுக்கும் குறைவான குண்டில் இந்த வேறுபாடு பெரிதன்று. வெள்ளீயமும் கிடைக்காவிட்டால், சிறிய இரும்பு நட்டு ஒன்றை நரம்பில் கட்டிக்கொள்ளலாம். அது ஆற்றில் விழுந்தாலும் நாளடைவில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

சிறு துளி பெருவெள்ளம் என்பர். ஒவ்வொரு விடுமுறையிலும் ஒவ்வொருவரும் தொலைக்கும் குண்டுகளும் அப்படித்தான் ஆற்றடியில் சேர்கின்றன. பள்ளிகளில் உள்ள சுற்றுச்சூழல் கழகங்கள், மாணவர்களிடமுள்ள பழைய காரீயக் குண்டுகளைத் திரட்டி, மறுசுழற்சி நிலையங்களில் ஒப்படைக்கலாம். அடுத்த முறை தூண்டில் கடைக்குச் செல்லும்போது, ‘எத்தனை கிராம்?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், ‘இது எந்த உலோகம்?’ என்றும் கேளுங்கள். வாங்குவோர் கேட்டால், கடைக்காரரும் மாற்றுக் குண்டை வாங்கி வைப்பார்.