பகடை யோசிக்காது, பிள்ளைகளே

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படிக்கவும்.

போன வாரம் பேரனோடு பகடை உருட்டும் படம் போட்டிருந்தேன். "சார், ரிட்டயர் ஆனதும் டிராகன் வேட்டையா?" என்று கேலி செய்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதன் கீழே மாப்பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தார்: "மாமா பழைய விதிகளைக் கொண்டுவந்து குழந்தையை அழ வைத்துவிட்டார்." அதற்கு நிறையப் பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் விட என்னால் முடியாது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. 1974-ல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. ஒருவர் நடுவர். பாழடைந்த கோட்டையோ சுரங்கமோ அவர் கையில் வரைபடமாக இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன். "என்ன செய்கிறாய்?" என்று நடுவர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள், நிச்சயமில்லாததைப் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான்.

ஐம்பது ஆண்டுகளில் விதிகள் பலமுறை மாறிவிட்டன. பேரனும் நண்பர்களும் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் 300 பக்கத்துக்கு மேல். நான் ஆடிக் காட்டியது 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிகள். முதல் மூன்று லெவலுக்கு மொத்தம் 64 பக்கம். அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே மாப்பிள்ளைதான். அந்தத் தப்பு அவருடையது.

மகள் வீட்டில் ஒரு மாதம் பிள்ளைகளின் ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நடுவராக இருந்த பையன் சொல்கிறான்: "நீங்கள் ஒரு பழைய அறைக்குள் நுழைகிறீர்கள்." அவன் வாய் மூடுவதற்குள் என் பேரன் 20 முகப் பகடையை உருட்டிவிட்டு, "பெர்செப்ஷன் 17!" என்று கத்துகிறான். உடனே பதில் வருகிறது: "தரைக்கல் ஒன்று தளர்ந்திருக்கிறது. கீழே குழி." அடுத்த அறை, அடுத்த பகடை. அறையில் மேசை இருந்ததா, சுவரில் ஈரம் இருந்ததா, காற்று எங்கிருந்து வந்தது? யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கவனிக்கும் வேலையைத் தாளில் இருக்கும் ஓர் எண் செய்துவிடுகிறது.

1981 விதியில் அப்படி ஒரு எண் கிடையாது. சாமான் பட்டியலில் பத்தடிக் கழி ஒன்று உண்டு. நான் நடத்திய ஆட்டத்தில் முதல் அரை மணி நேரம் பேரனுக்குக் கை பரபரத்தது, உருட்ட எதுவும் இல்லையே என்று. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, கழியால் தரையைத் தட்டினால் சத்தம் எப்படி இருக்கும்?" என் வகுப்பில் யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்திருப்பேன்!

இப்போது கணக்கு. கணக்கு வாத்தியாரின் பதிவில் கணக்கு இல்லாமல் இருக்குமா?

புதிய விதியில் ஒரு காப்ளின் பூதத்தைக் கொன்றால் 50 புள்ளி. இரண்டாம் லெவலுக்கு 300 புள்ளி போதும். அதாவது ஆளுக்கு ஆறு காப்ளின். பழைய விதியில் அதே காப்ளினுக்கு 5 புள்ளிதான். போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 400 காப்ளின்! ஆனால் உள்ளே இருக்கும் புதையலைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அப்படியானால் புத்திசாலிப் பிள்ளை என்ன செய்யும்? சண்டையைத் தவிர்க்கும். ஒளிந்து போகும், பேரம் பேசும், தேவைப்பட்டால் ஓடும். எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். இது வகுப்பறையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொன்று. பழைய விதியில் எதிரே வரும் பூதம் உடனே பாய வேண்டும் என்றில்லை. நடுவர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி அதன் மனநிலையைப் பார்ப்பார். கூட்டுத்தொகை 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல். அது 36-ல் ஒரு வாய்ப்பு. 6, 7, 8 வந்தால் அது தயங்கி நிற்கும். அதற்கு 36-ல் 16 வாய்ப்பு. தயங்கி நிற்கிறவனிடம் நீ என்ன பேசப்போகிறாய் என்பதுதான் ஆட்டம். 'பழைய ஆட்டம் வெறும் வெட்டுக்குத்து' என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சரி, அழுகைக்கு வருகிறேன். புதிய விதியில் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் பாத்திரம் மயங்கி விழும். பிறகு பகடை உருட்டலாம். மூன்று முறை தவறினால்தான் சாவு. யாரும் உதவாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். பிழைத்து ஒரு நீண்ட ஓய்வு எடுத்தால், எட்டு மணி நேரத்தில் உயிர்ப்புள்ளி முழுதும் திரும்பிவிடும். பழைய விதியில் பூஜ்யம் என்றால் முடிந்தது. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி பெரும்பாலும் நான்கைத் தாண்டாது. பேரனின் மந்திரவாதி, நண்பர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒரு கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போனான். செத்தான். பேரன் அழுதான். உண்மைதான். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தாத்தா, அந்தக் கதவில் நான் முதலில் காதை வைத்துக் கேட்டிருந்தால்?" என்றான். மாப்பிள்ளை இந்த மூன்றாம் நாளைப் பற்றி எழுதவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. பழையதெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். யாருக்கும் எளிதில் புரியாது. 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். வெட்கக்கேடு. அதையெல்லாம் தூக்கி எறிந்தது புதிய பதிப்புகள் செய்த நல்ல காரியம்.

மாப்பிள்ளை நேரில் சொன்ன வாதம் இன்னும் கனமானது. "மாமா, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்ன செய்வான்? தாளில் பெர்சுவேஷன் எண் இருந்தால் அவனும் பேச்சுத்திறமை உள்ள பாத்திரமாக ஆடலாமே. அதோடு, எல்லாம் நடுவர் கையில் என்றால் கெட்ட நடுவர் வந்தால் என்ன கதி?"

முதல் கேள்விக்கு என் பதில்: கூச்சமுள்ள பிள்ளையிடம் நான் மேடைப்பேச்சு கேட்கவில்லை. "அந்தப் பூதத்துக்குப் பசிக்குமா? என்னிடம் ரொட்டி இருக்கிறது" என்று முணுமுணுத்தால் போதும். எனக்கு வேண்டியது யோசனை, நாவன்மை இல்லை.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விதி குறைந்தால் நடுவரின் அதிகாரம் கூடும். நானே சில நாள் வகுப்பில் கொடுங்கோலனாக இருந்திருக்கிறேன், அடி வாங்கியவர்கள் இதைப் படிக்கிறீர்கள். ஆனாலும் 300 பக்கப் புத்தகம் கெட்ட நடுவரை நல்லவராக்கிவிடாது. புத்தகத்தைக் காட்டிக் கொடுமை செய்ய அவருக்குத் தெரியும். அந்தப் பெரிய புத்தகமும், யோசிக்காமல் பகடையை உருட்டு என்று சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளில் எண் இருந்தால் கை எண்ணுக்குத்தான் போகும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்பில் உங்களிடம் நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "இந்தக் கணக்கு ஐந்து மதிப்பெண்ணில் நிச்சயம் வரும். ஏன், எதற்கு என்று கேட்காதே, படிகளை மனப்பாடம் செய்." நீங்கள் செய்தீர்கள். நூற்றுக்கு நூறு வாங்கினீர்கள். நானும் பெருமையாகத் திரிந்தேன். பேரன் "17!" என்று கத்தியபோது, அந்தக் குரலில் என் வகுப்பைத்தான் கேட்டேன். என் கோபத்தில் பாதி மாப்பிள்ளை மீது இல்லை.

பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இந்த ஆட்டத்தை ஆடுவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சாயங்காலம் பழைய பாணியில் ஆடிப் பாருங்கள். 'பேசிக் ஃபேண்டசி' என்ற விதிப்புத்தகம் இணையத்தில் இலவசம். அதுவும் வேண்டாமென்றால், உங்கள் ஆட்டத்திலேயே பாத்திரத் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் மூன்று அறைகளைக் கடந்து பாருங்கள். ஆடிய பிறகு திட்டுவதானால் திட்டுங்கள்.

மாப்பிள்ளைக்கு: ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நீங்களும் உட்காருங்கள். பாத்திரம் நீங்களே செய்யலாம். மந்திரவாதி மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்