பூச்சி மாத்திரை போட்டால் அலர்ஜி வருமா?

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் நெருங்கினாலே தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கத்துப் பெற்றோர் மத்தியில் ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: “வயித்துல புழு இருந்தா அலர்ஜி வராதாமே, அப்புறம் எதுக்கு மாத்திரை?” கேட்பவர்களைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. இதில் பாதி உண்மை.

1989-ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அண்ணன் அக்கா நிறைய இருக்கும் குழந்தைகளுக்கு மூக்கு அலர்ஜியும் எக்ஸிமாவும் குறைவு என்று எழுதினார். சின்ன வயதில் கிருமிகளோடு பழகிய உடம்பு அமைதியாக இருக்கிறது என்பது அவர் ஊகம். புழு விஷயத்தில் இது இன்னும் சுவாரசியம். குடற்புழுவை விரட்ட உடம்பு அனுப்பும் ஐஜிஇ, ஈசினோபில், ஐஎல்-4, ஐஎல்-13 எல்லாம், நம் பாட்டிகள் ‘கரப்பான்’ என்று சொல்லும் எக்ஸிமாவில் அரிப்பைக் கிளப்பும் அதே கூட்டம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தங்க நினைக்கும் புழு, அந்தக் கூட்டத்தை அடக்கி வைக்கவும் கற்றிருக்கிறது. அதனால் அலர்ஜியும் சேர்ந்து அடங்கலாம்.

ஆதாரம்? உகாண்டாவின் என்டெபியில் சுமார் 2,500 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வில், அல்பெண்டசோல் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு எக்ஸிமா கூடுதலாக வந்தது (2011). அதற்கு முன்பே ஈக்வடாரில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு வருஷம் அதே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அலர்ஜி கூடவில்லை (2006). டென்மார்க்கில் மூக்கு அலர்ஜிக்காரர்களுக்குப் பன்றிப் புழுவின் முட்டையையே குடிக்கக் கொடுத்தார்கள். பலன் இல்லை. சென்னையிலும் இதற்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு: சர்க்கரை நோயாளிகளிடம் யானைக்கால் புழுத் தொற்று குறைவு என்று இங்கே நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வு 2010-ல் சொன்னது. அதற்காக யாரும் கொசுக்கடிக்குக் காலை நீட்டவில்லை.

கொக்கிப்புழு ரத்தம் குடிக்கும், சோகை வரும், படிப்பும் வளர்த்தியும் கெடும். உறுதியான இந்த நஷ்டத்தை, வருமா வராதா என்றே தெரியாத அலர்ஜிக்காகத் தாங்கச் சொல்வது நியாயமில்லை. 1 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும்.

நமக்குக் கவலை வேறு இடத்தில். பல சமயம் ‘அலர்ஜி’ என்று நாம் நினைப்பதே ஒட்டுண்ணியாக இருக்கிறது. கட்டடம் எழும்பும் இடமெல்லாம் மணல் குவியல், அதில் தெருநாயும் பூனையும், அதிலேயே குழந்தைகளின் விளையாட்டு. நாய்க்குடற்புழுவின் குஞ்சு காலில் புகுந்தால் தோலுக்கடியில் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு ஓடும். ராத்திரியில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் கொப்புளம் வந்து, வீட்டில் எல்லோரும் சொறிந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. அதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீம் தடவினால், அடையாளம் மறையும், பூச்சி பெருகும்.

மாத்திரையில் ஆபத்து இன்னும் பெரிது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். அவ்வப்போது தடிப்பும் அரிப்பும் மட்டும் காட்டும். பள்ளியில் தரும் ஒரு வேளை அல்பெண்டசோலுக்கு அது சரியாக அடங்காது, ஐவர்மெக்டின் வேண்டும். இது தெரியாமல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் புழு உடம்பு முழுக்கப் பரவி உயிரையே எடுக்கலாம். எக்ஸிமாவுக்கு வந்திருக்கும் டுபிலுமாப் ஊசியின் குறிப்பிலேயே, புழுத் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருந்தால், “அலர்ஜிதான்” என்று ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீர்கள். மலப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் சந்தேகம் என்றால் ஒரே ஒரு தடவை பார்த்தது போதாது, வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கும்.