ஊசியை மறைப்பதேன்?

உடற்பருமன் குறையச் சொந்தப் பணத்தில் ஊசிமருந்து வாங்கிப் போட்டுக்கொள்வோர் திம்புள்ள மலைச்சாரலிலும் உண்டு. கொழும்பிலிருந்து வருவிக்கின்றனர், குடும்ப வைத்தியரிடம் மட்டும் மூச்சுவிடுவதில்லை. ஏன்? "வாயைக் கட்டு, மலையேறி இறங்கு, ஊசி எதற்கு?" என்று ஏசுவாரே என்ற அச்சம்!

வைத்தியப் பெருமக்களைக் கேட்கின்றோம்: ஏச்சால் இளைத்த உடல் எங்கேனும் உண்டா? துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அஞ்சி நோயை மறைத்துப் பழகிய மக்கள் நாம். அவர்தம் பேரர் இன்று ஆசிரியராயினும் எழுதுநராயினும் அவ்வச்சம் தீர்ந்தபாடில்லை. அதனை நீங்களும் வளர்க்கலாமா?

மறைப்போரையும் நாம் விடப்போவதில்லை. செமாக்ளுடைட் என்னும் அம்மருந்து இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். இதை அறியாது சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுத்தால், உணவு மேலெழுந்து சுவாசப்பைக்குள் புகக்கூடும். இன்சுலினும் சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். கருத்தரிக்க விரும்பும் பெண் 2 மாதங்களுக்கு முன்னரே இம்மருந்தை நிறுத்தல் வேண்டும். ஒன்றும் அறியாத வைத்தியர் இவற்றை எங்ஙனம் எச்சரிப்பார்? போலிச் செமாக்ளுடைட் நடமாடுவதாக 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனமே எச்சரித்தது. கள்ளச் சரக்குக்கு நமது இரகசியமே காவல்!

உடல் நமது, பணம் நமது, முடிவும் நமதே. ஊராருக்கு உரைக்க வேண்டியதில்லை. ஆயின், வைத்தியரின் ஏட்டில் அவ்வூசியின் பெயர் ஏறியே தீரவேண்டும். ஏசும் நா அடங்கட்டும். மறைக்கும் வாய் திறக்கட்டும்!