சயான், பிரைஸ் கேன்யன்: அப்பா அம்மாவைக் காரில் கூட்டிப்போகும் முன்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அப்பா அம்மா போற சீசன் இது. லாஸ் வேகாஸில் ரூம் போட்டு, விடியக்காலை கிளம்பி, யூட்டாவில் சயான், பிரைஸ் கேன்யன் ரெண்டையும் பார்த்துட்டு ராத்திரியே திரும்பிடலாம்னு பிளான் போடுறவங்களுக்கு இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். 65 வயசு தாண்டினவங்களோட, ஜூலை வெயிலில், இந்த ஒரு நாள் பயணம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பள்ளத்தாக்கு போதும்.

சுத்தி வந்தா சுமார் 800 கிலோமீட்டர். தூரம்கூட பரவாயில்லை, ரோடு அருமையா இருக்கும். பிரச்சினை தண்ணீர்.

சென்னை வெயிலில் பத்து நிமிஷம் நின்னா சட்டை நனையும். உடனே தண்ணி தேடுவோம். அங்கே காத்து ரொம்ப வறண்டது. வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிடும், சட்டை காய்ஞ்சே இருக்கும். "நம்ம ஊர் மாதிரி கசகசன்னு இல்லப்பா"ன்னு அப்பா சந்தோஷமா சொல்வார். அந்த நேரத்திலும் உடம்புல நீர் குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். வயசானா தாகமும் சரியா தெரியாது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. காரில் ஏறினதுமே அம்மா தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவாங்க. நடுவழியில் பாத்ரூம் கேட்டு வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். மருமகன் ஓட்டற வண்டின்னா கேட்கவே வேண்டாம்!

அதனால "பாத்ரூம் போகணுமாம்மா?"ன்னு கேட்காதீங்க. "வேண்டாம்பா"ன்னுதான் பதில் வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே நிறுத்தி, நீங்க முதல்ல இறங்குங்க. அவங்க பின்னாடியே வருவாங்க.

பிபி மாத்திரை சிலதுலயும், டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சில சுகர் மாத்திரைகள்லயும் சிறுநீர் அதிகம் போகும். இதோட உடம்புல நீரும் குறைஞ்சா, ஏசி காரிலிருந்து சட்டுனு எழுந்து நிக்கும்போது பிபி இறங்கித் தலை சுத்தும். அது நடக்கிற இடம் பாறை விளிம்பா இருந்தா? பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல, ஊட்டியை விட உயரம். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. பயணத்துக்கு முன்னாடியே அவங்க டாக்டரிடம் கேட்டு வச்சுக்கோங்க.

வெறும் தண்ணியை லிட்டர் கணக்கில் குடிக்க வச்சாலும் ரத்தத்தில் சோடியம் குறையலாம். கூடவே சாப்பாடு, உப்பு போட்ட மோர், ஓஆர்எஸ் இருக்கட்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லணும். இன்சுலினை நிறுத்தின காரில் விட்டுட்டுப் போகாதீங்க.

வெயிலில் இருந்தவர் சம்பந்தமில்லாமப் பேசினாலோ தள்ளாடினாலோ "களைப்பு"ன்னு விடாதீங்க. நிழலில் படுக்க வச்சு, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 911 கூப்பிடுங்க. பல இடத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால எந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்குன்னு கிளம்பும் முன்னாடியே பார்த்து வைங்க.