அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

“ஏனுங்க, மறதி வியாதிக்குப் போயி காசு பாக்கறதுங்களா? அம்மாவுக்குக் கம்பெனி மாத்திரையே குடுங்க.” ஈரோட்டுப் பெருந்துறை ரோட்டு மருந்துக்கடைகளில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. காய்ச்சலுக்கு ஜெனரிக் வாங்குகிறவர்கூட மூளைக்கு என்றால் மிரண்டுபோகிறார்.

எந்தக் கம்பெனி? மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் மருந்தைக் கண்டுபிடித்தது ஜப்பானின் ஐசாய். 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2010-இல் அங்கே காப்புரிமை முடிந்தது. இந்தியாவிலோ 2005 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது. ஆகவே இங்கே பகட்டான பெயர்களில் விற்கும் டொனெபெசில் பெரும்பாலும் ஜெனரிக்தான். பெயர் சூட்டிய ஜெனரிக்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல மருந்துகளில் விற்பவர் ஒருவர், தயாரித்தவர் இமாச்சலத்திலோ உத்தராகண்டிலோ உள்ள வேறொருவர். வீரப்பன்சத்திரத்துத் தறியில் ஓடிய துணி யாரோ ஒருவரின் முத்திரை குத்திக்கொண்டு விலையேறித் திரும்புவதை அறிந்த ஊர், மாத்திரையில் மட்டும் ஏமாறுகிறது.

தரக் கோளாறே இல்லை என்று சொல்லவில்லை. தரமற்ற மருந்துகளென்று மத்திய அரசு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் பிரபலப் பெயர்களும் அடிபடுகின்றன. மூலப்பெயரில்தான் சீட்டு எழுத வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. ‘முதலில் தரத்தை உறுதி செய்யுங்கள்’ என்று மருத்துவர் சங்கம் எதிர்க்க, அந்த மாதமே நிறுத்திவைத்தது. சந்தேகம் நியாயமே. ஆனால் பெயர் வைத்ததும் அது எப்படித் தீர்ந்துபோகிறது? பெயர் வைத்தது, வைக்காதது இரண்டையும் ஆளுவது அதே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம்.

“மாத்திரைய மாத்துனதும் அம்மா மோசமாயிட்டாங்க” என்பார்கள். டொனெபெசில் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 70 மணி நேரமாகும். ஒரு வேளை சற்றே கூடக் குறைய உடம்பில் சேர்ந்தாலும் அளவு சட்டென்று சரியாது. மருந்து நோயை நிறுத்துவதுமில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவே. எந்த அட்டை வாங்கினாலும் நோய் தன் போக்கில் முற்றும். ஒன்று மட்டும் உண்மை: நிறமும் வடிவமும் மாறினால், மறதிக்காரர் ‘இது என்னுதில்லை’ என்று துப்பிவிடலாம். ஒரே தயாரிப்பைத் தொடர்வது நல்லது. அது ஜெனரிக்காகவும் இருக்கலாம்.

மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் விலையை விசாரியுங்கள். மிச்சப்படும் காசில் மாதத்தில் சில பகல்களாவது துணைக்கு ஆள் வைக்கலாம். ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் மருமகள் கொஞ்சம் கண்ணயரட்டும். மருத்துவரிடம் துருவிக் கேட்க வேண்டியவை வேறு: நாடித்துடிப்பு குறைகிறதா, சாப்பாடு வெறுத்து எடை இறங்குகிறதா, ஆறு மாதமாகியும் பயன் தெரியாவிட்டால் இந்த மாத்திரை இன்னும் எதற்கு?