கேபிளா, ஃபைபரா? கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்!

தேனியிலிருந்து கூடலூர் வரை தெருவுக்குத் தெரு இண்டர்நெட் விளம்பரம். எல்லாரும் சொல்வது "ஃபைபர்"தான்! ஆனால் தெரு போஸ்ட் வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய டி.வி. கேபிள் என்றும் கொடுப்பதுண்டு.

கேபிள் என்பது தெருக்குழாய் மாதிரி. சாயந்திரம் எல்லாரும் திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கரண்டு போனால் தெருவிலுள்ள ஆம்ப்ளிஃபயரும் படுத்துவிடும். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். நடுவழியில் கரண்டு வேண்டாம். வீட்டுப் பெட்டிக்கு மட்டும் பேட்டரி இருந்தால் போதும். ஆனால் அது கண்ணாடி இழை. மடக்கினால் ஒடியும்; ஒட்டுவதற்குத் தனி மெஷினும் தெரிந்த ஆளும் வேண்டும்.

போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில் நடக்கிற காலம் இது. லைன் நின்றால் பிழைப்பும் நிற்கும். ஆகவே, ஆஃபரைப் பார்த்து வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். இழை வீட்டுக்குள் வருமா, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்!

தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகத் திட்டம் போட்டது அரசு. அது ஊராட்சி ஆபீசோடு நின்றுவிடாமல் வீட்டு வாசலுக்கும் வரட்டும். போட்டி இருந்தால்தான் கட்டணம் இறங்கும்!