நாய் நஜீஸ் என்பதற்காக அதை வதைக்கலாமா?



வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்காக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். வீட்டுக் காவலையும் இதனோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியானது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் கருத்து. தேவையின்றி வளர்ப்போரின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இவற்றில் நமக்கு மறுப்பில்லை.

நாம் மறுப்பது வேறொன்றை. செருப்பைக் குதறியது, கோழியை விரட்டியது, விருந்தினர் மீது தாவியது என்பதற்காகக் காவல் நாயைக் கட்டையால் அடிக்கிறார்கள். பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் பிணைக்கிறார்கள். கேட்டால், "நஜீஸ்தானே!" என்கிறார்கள்.

நஜீஸ் என்பது தூய்மை பற்றிய சட்டம். நாய் வாய்வைத்த பாத்திரத்தை 7 முறை, அதில் ஒருமுறை மண்ணிட்டுக் கழுவச் சொன்ன மார்க்கம், நாயை வதைக்கச் சொல்லவில்லை. தாகத்தால் தவித்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண்ணுக்கோ நரகம் கிடைத்தது. இரண்டையும் அறிவித்தவர் நம் நபியேயன்றோ?

"நாய்க்குப் புத்தி வராது" என்பதும் வீண்பேச்சே. அல்லாஹ் தந்த அறிவைக் கொண்டு வேட்டைப் பிராணிகளுக்குக் கற்பிப்பதைத் திருக்குர்ஆன் 5:4 பேசுகிறது. ஏவினால் செல்வதும், தடுத்தால் நிற்பதும், பிடித்த இரையைத் தின்னாதிருப்பதும் பயிற்சி பெற்ற நாயின் அடையாளங்கள் என்கின்றன ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள். வாயில் கவ்விய இரையையே தின்னாதிருக்கக் கற்கும் பிராணி, செருப்பை விட்டுவிடக் கற்காதா?

கற்பிக்கத்தான் நமக்குப் பொறுமையில்லை. தந்தை "நில்" என்கிறார். மகன் "போ" என்கிறான். அது எதற்குக் கட்டுப்படும்? ஒரு செயலுக்கு ஒரே சொல்லை வீட்டார் அனைவரும் சொல்ல வேண்டும். கீழ்ப்படிந்த கணமே ஒரு துண்டு உணவு தர வேண்டும். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால் அதற்குக் காரணம் புரியாது, அச்சம்தான் மிஞ்சும். அஞ்சிய நாய்தான் கடிக்கும். கடிப்பது குட்டியின் இயல்பு. செருப்பை உயரத்தில் வைத்து, கடிக்க வேறொன்றைக் கொடுங்கள். தாவினால் முகம் திருப்பிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் நடத்திச் செல்லுங்கள். தங்குமிடத்தை வாசலுக்கு வெளியே அமையுங்கள், தனித்தட்டு வையுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். குகைத்தோழர்களின் நாயும் வாசற்படியில்தான் கிடந்தது. அதையும் குர்ஆன் நினைவுகூர்கிறது (18:18).

இதற்கும் மனமில்லாதோர் நாய் வளர்க்காதிருப்பதே மேல். வாய்பேசாப் பிராணியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பேணும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.